வெறும் வயிறு

என் மனைவி யாரிடமும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்க மாட்டாள். அந்தக் கேள்வியின் மேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. "கடைசியா வாய்ல என்ன போட்டீங்க?" என்றுதான் கேட்பாள். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவரிடமே ஒரு முறை அப்படிக் கேட்டுவிட்டாள். பாவம், அந்த மனிதர் எதையோ திருடித் தின்றுவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி முழித்தார். "தொழில் பழக்கம்ங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்று நான்தான் சமாளித்தேன்.

அவள் தொழில் என்ன தெரியுமா? நாய்க்கோ பூனைக்கோ ஆபரேஷன் நடக்கும்போது அதன் தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சுக்குக் காவல் இருப்பது. மயக்க மருந்து கொடுக்குமுன் வயிறு காலியாக இருக்க வேண்டும். மயக்கத்தில் தொண்டையும் சேர்ந்து தூங்கிவிடும். அந்த நேரத்தில் வயிற்றில் கிடப்பது மேலே வந்தால் நேரே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதனால் ராத்திரிக்கு மேல் தண்ணீரைத் தவிர எதுவும் கொடுக்காதீர்கள் என்று முந்தின நாளே வளர்ப்பவர்களிடம் சொல்லி அனுப்புவார்கள்.

சொல்லி அனுப்பி என்ன பிரயோஜனம்? காலையில் "சாப்பிட்டுதா?" என்று கேட்டால் "இல்லைங்க, வெறும் வயிறுதான்" என்பார்கள் நம் ஜனங்கள். பிஸ்கட் இவர்களுக்குச் சாப்பாடு இல்லை. பால் சாப்பாடு இல்லை. கீழே சிந்தியதை நக்கியது கணக்கிலேயே வராது. இரண்டு டம்ளர் காபியை உள்ளே தள்ளிவிட்டு "இன்னும் பச்சைத் தண்ணி பல்லுல படல" என்று சொல்கிற கூட்டம்தானே நாம்? ஒரு அம்மாள் வெறும் வயிறு என்று அடித்துச் சொன்னார். இவள் தன் கேள்வியைக் கேட்டதும், "ஆம்லெட்டு. பாதிதான். பாவம், மீதிய நான்தான் சாப்பிட்டேன்" என்றார். அந்த நாயை அன்று மேஜையில் ஏற்றவில்லை. திட்டு வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பினாள்.

நான் ஏசி மெக்கானிக். அவளை முதன்முதலில் ஏணியின் மேலிருந்துதான் பார்த்தேன். ஆபரேஷன் அறையில் ஏசி குளிரவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். கேஸ் நிரப்பி, ஃபில்டரைக் கழுவி, எலும்பு நடுங்குகிற மாதிரி காற்றை வர வைத்துவிட்டுப் பெருமையாகக் கீழே பார்த்தேன். தலையில் துணித் தொப்பி, முகத்தில் மாஸ்க், நடுவில் இரண்டு கண்கள். மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தக் கண்கள் என்னை முறைத்தன.

"குறைங்க."

"இப்பதாங்க நல்லா குளிருது."

"உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். மயக்கத்துல கிடக்கற பூனைக்கு நடுங்கக்கூடத் தெரியாது. ஒடம்புச் சூடு பாட்டுக்கு இறங்கிட்டே போகும். அப்புறம் எழுப்பறது நீங்களா, நானா?"

குறைத்தேன். அன்று குறைத்ததுதான். ஏசி மெக்கானிக் வீட்டில் ஃபேன் மட்டும்தான் ஓடுகிறது என்று என் சேக்காளிகள் இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவளைக் கூட்டிவரப் போகும்போதெல்லாம், கதவுக் கண்ணாடி வழியாக அவள் வேலை செய்வதைப் பார்ப்பேன். டாக்டரம்மா வயிற்றுப் பக்கம் நிற்பார். இவள் தலைப் பக்கம், ஒரு ஸ்டூலில். நாயின் நாக்கில் ஒரு கிளிப். அதிலிருந்து ஒயர் மெஷினுக்குப் போகும். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, இதயம் எப்படித் துடிக்கிறது என்பதையெல்லாம் மெஷின் பீப் பீப் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அது சொல்கிறதே என்று இவள் சும்மா இருக்க மாட்டாள். ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுத்து, வெளுத்த இடத்துக்கு நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பாள். தாடை தளர்ந்திருக்கிறதா என்று அசைத்துப் பார்ப்பாள். இமையோரத்தை லேசாகத் தொட்டு மயக்கம் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பாள். மெஷின் அலறினால் முதலில் நாயைப் பார்ப்பாள், அப்புறம்தான் மெஷினை. "கிளிப் நழுவினாலும் அதே அலறல்தான், உயிரு நழுவினாலும் அதே அலறல்தான். அதுக்கு வித்தியாசம் தெரியாது" என்பாள்.

அப்படிப் பார்த்துப் பார்த்து, கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை வாய்விட்டு "இருக்கு" என்பாள். மூச்சு இருக்கு, துடிப்பு இருக்கு, நிறம் இருக்கு, எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். டாக்டரம்மா தலை நிமிராமல் தைத்துக்கொண்டே போவார். ஒரு "இருக்கு" கொஞ்சம் தாமதமானால் அவர் கை நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பேரே 'இருக்கு அக்கா' என்று ஆகிவிட்டது. வீட்டில் "சர்க்கரை இருக்கா?" என்று நான் கேட்டு, அவள் "இருக்கு" என்றால், "துடிப்போடவா?" என்று கேட்பேன். கரண்டியால் அடி வாங்கியிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விடக் கடைசிக் கட்டம்தான் முக்கியம், அது முழுக்க இவள் பொறுப்பு. மூச்சுப் போவதற்காகத் தொண்டை வழியாக ஒரு குழாயை இறக்கியிருப்பார்கள். தையல் முடிந்து மயக்க மருந்தை நிறுத்தியபின், நாய் தானாக ஒரு முறை எச்சில் விழுங்கும். தொண்டை விழித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அதைக் கண்ணால் பார்த்த பிறகே குழாயை உருவ வேண்டும். அந்நேரம் டாக்டரம்மா கை கழுவப் போயிருப்பார். அந்த விழுங்கலைப் பார்ப்பது இவள் ஒருத்திதான்.

இனி என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். இவனைப் பற்றிப் பேசும்போது அது தலைக்கு மேலே போய்விடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா போனபோது இவள் பள்ளிக்கூடத்தை முடிக்கிற வயது, அவன் பால்பல் விழாத வயது. அவனை வளர்த்தது இவள்தான். படிப்பை விட்டுவிட்டு அந்த விலங்கு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். டாக்டரம்மா பார்த்துப் பயிற்சிக்கு அனுப்பி, மெல்ல மெல்லத் தலைமாட்டு ஸ்டூலுக்கு வந்தாள். அதற்குள் அவனைப் படிக்க வைத்து ஆளாக்கிவிட்டாள். தன் தட்டில் இருப்பதை அவன் தட்டில் தள்ளிவிட்டு, "எனக்குப் பசிக்கலடா" என்று சொல்லியே வளர்த்திருக்கிறாள். பசியோடு யாரும் வாசப்படி தாண்டக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். போட்டவளும் அவள்தான்.

வளர்ந்து அவன் டிரைவிங் ஸ்கூல் வைத்தான். கண்ணாடியைப் பாரு, பின்னாடி என்ன வருதுன்னு பாரு என்று நாள் முழுக்க ஊருக்குப் பாடம் நடத்துகிறவன்.

அவன் வீட்டில் பஞ்சு என்று ஒரு வெள்ளை நாய் இருந்தது. அவன் மகளுக்கு அதுதான் உயிர். அதன் விலாப் பக்கம் ஒரு கட்டி வந்தது, எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டரம்மா. "அக்கா தலைமாட்டுல இருக்கறப்ப எனக்கென்ன பயம்?" என்று இவன் எல்லாரிடமும் சொன்னான். முந்தின நாள் சாயங்காலம் இவள் போன் போட்டு, என்னென்ன கூடாது என்று ஒன்று விடாமல் ஒப்பித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து நானே கேட்டேன்.

காலையில் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தான். இவள் தொப்பியை மாட்டியபடியே வெளியே வந்தாள்.

"என்னடா, வெறும் வயிறுதானே?"

"வெறும் வயிறுதான்க்கா."

அவ்வளவுதான் கேட்டாள். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் குறுக்குக் கேள்வி போடுகிறவள், கூடப் பிறந்தவனிடம் கேட்டது அந்த அரை வாக்கியம்தான். தம்பியைப் போய் யாராவது சோதிப்பார்களா? நாயை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. கட்டி முழுசாக வந்துவிட்டது. டாக்டரம்மா கை கழுவப் போனார். பஞ்சு எச்சில் விழுங்கியது, இவள் பார்த்தாள், குழாயை உருவினாள். போர்வையில் சுற்றிப் பக்கத்து அறை மெத்தையில் படுக்க வைத்து, விலாவில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று வாயிலும் மூக்கிலும் வெள்ளையாக நுரையும் தண்ணீரும் பொங்கியது. அரைமயக்கத்தில் இருந்த நாய் அதை அப்படியே உள்ளே இழுத்துவிட்டது. இவள் தலையைச் சாய்த்துப் பிடித்து, உறிஞ்சுகுழாய் போட்டு எடுத்து, ஆக்சிஜன் வைத்து, டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். இருவரும் சேர்ந்து உயிரை இழுத்துப் பிடித்துவிட்டார்கள். ஆனால் உள்ளே போனது போனதுதான்.

டாக்டரம்மா வெளியே வந்து அவனிடம் பொறுமையாகக் கேட்டார். "காலைல சாப்பாடு ஏதாவது குடுத்தீங்களா? தப்பா நெனைக்காதீங்க. எங்களுக்குத் தெரிஞ்சா அதுக்கு ஏத்த மாதிரி வைத்தியம் பாக்கலாம்."

"சாப்பாடு குடுக்கல டாக்டர். எங்கம்மா மேல சத்தியம்."

செத்துப்போன அம்மா மேல் சத்தியம். அதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்?

பஞ்சு சில நாள் போராடியது. நுரையீரலில் சீழ் பிடித்துவிட்டது. ஒரு மத்தியானம், இவள் கை அதன் விலாவின் மேல் இருக்கும்போதே போய்விட்டது. "இல்ல" என்று மட்டும் இவள் சொன்னாளாம். அந்த அறையில் இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது ரொம்ப அபூர்வம் என்று டாக்டரம்மா பிறகு என்னிடம் சொன்னார்.

நாயை எடுத்துப் போக வந்தவன், காத்திருக்கும் ஹாலில், அத்தனை பேர் முன்னாலும் கேட்டான்.

"குழாயை யாரு எடுத்தது?"

"நான்தான்டா."

"முழிச்சுட்டானான்னு பாத்தியா, இல்ல வேலை முடிஞ்சா போதும்னு உருவிட்டியா?"

"விழுங்குச்சுடா. நான் பாத்தேன்."

"நீ மட்டும்தானே பாத்த?"

அந்த ஒரு கேள்வியில் அவளை முடித்துவிட்டான். ஆமாம், அவள் மட்டும்தான் பார்த்தாள். சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவாள்? செத்துப்போன நாயையா?

நான் அப்போதே அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். இவள் விடவில்லை. "புள்ள மாதிரி வளத்த நாய் போயிடுச்சு, ஆத்திரத்துல பேசறான். விடுங்க" என்றாள். விட்டேன். அவன் விடவில்லை. சொந்தக்காரர் வீடு வீடாகப் போய், "சொந்த அக்கான்னு நம்பிக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தான். ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு அத்தை இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு மங்கலா தெரியுதா உனக்கு? கண்ணாடி போட்டுக்கயேன்" என்றாள். இவள் சிரித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். குழாயைத் திறந்துவிட்டால் எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

டாக்டரம்மாவையும் சொல்லத்தான் வேண்டும். அவர் இவளைக் குறை சொல்லவில்லை. வயிறு காலியாக இருந்தாலும் எப்போதாவது இப்படி நடப்பதுண்டு என்றுதான் சொன்னார். ஆனால், "நீங்க பாத்தேன்னு சொன்னா பாத்தீங்கதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? "உங்க இருக்கு இருந்தா எனக்கு மெஷின் வேண்டாம்" என்று ஒரு காலத்தில் சொன்ன வாய்தானே அது?

அதற்குப் பிறகு என் மனைவிக்குத் தன் கண் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. டீ போட்டுக்கொண்டே இருப்பாள். அடுப்பை அணைத்துவிட்டு என்னிடம் வருவாள். "விழுங்கும்போது இங்க ஒரு தடவ ஏறி இறங்கும்" என்று தன் தொண்டையைத் தொட்டுக் காட்டுவாள். "ஏறுனது ஞாபகம் இருக்கு. இறங்குச்சா? பாத்தேனா, இல்ல பாத்த மாதிரி நெனைச்சுக்கிட்டேனா?" நான், "நீ பாத்திருப்ப" என்பேன். பாத்த என்றல்ல, பாத்திருப்ப என்று. அந்த வித்தியாசம் அவள் காதில் விழாமல் இருக்குமா?

பிறகு மேஜையில் நாய் கிடக்கும்போது அவள் வாயிலிருந்து "இருக்கு" வருவது நின்றுவிட்டது. பார்ப்பாளாம், மறுபடி பார்ப்பாளாம், மூன்றாம் முறையும் பார்ப்பாளாம், சொல்ல மட்டும் வராதாம். டாக்டரம்மா ஊசியோடு காத்துக்கொண்டு நிற்பாராம். ஒரு நாள் அவளே போய், "என்னை முன்னாடி கவுண்டர்ல போட்டுடுங்க டாக்டர்" என்றாள். அவரும் சரி என்றுவிட்டார். மறுபேச்சு இல்லை.

வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரைக் கேட்டு, வரிசைப்படி அனுப்புகிற வேலை. ஆபரேஷனுக்கு வருகிறவர்களிடம் வயிற்றைப் பற்றிக் கேட்பதும் அங்கேதான். அதை மட்டும் அவள் பழைய மாதிரியே கேட்டாள். வீட்டில் நான் தூங்கும்போது என் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கினாலும் போய் மூக்கருகே விரல் வைப்பாள். "என்னடி இது?" என்றால், "சும்மா" என்பாள்.

இதற்கு நடுவில் என் மச்சினன் ஒரு பெரிய காரியம் செய்தான். அவளை மன்னித்தான்! ஆமாம் ஐயா, மன்னித்தான். பழங்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, "போனது போச்சுக்கா. மனுஷன்னா தப்பு நடக்கத்தான் செய்யும். நான் மனசுல எதையும் வெச்சுக்கல" என்றான். இவள் அவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அந்தப் பழத்தை நானும் தின்றேன், வெட்கக்கேடு.

அடுத்த வருஷம், அவர்கள் வீட்டுக்குக் கறுப்பி என்று ஒரு பெண் குட்டி வந்தது. வளர்ந்ததும் அதற்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தான். அன்று நானும் அங்கே இருந்தேன். வருஷத்துக்கு ஒரு முறை ஏசிக்களைக் கழற்றிச் சுத்தம் செய்வேன். அப்போது ஹாலில், கவுண்டருக்கு நேர் மேலே, ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். ஹாலில் மடியில் பூனைக்கூடையோடு ஒரு பெரியவரும், இன்னும் இரண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாடா," என்றாள் இவள். "கறுப்பி, பயப்படாதடி செல்லம்." பேனாவை எடுத்தாள்.

அவள் கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே அவன் முந்திக்கொண்டான். "அக்கா, இந்தத் தடவை ஒண்ணுமே குடுக்கல. பால்கூடக் குடுக்கல. சத்தியமா!"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

என் கையில் ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது. இவள் பேனாவை மூடிக் கீழே வைத்தாள்.

"இந்தத் தடவையா?" என்றாள்.

அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. "இல்லக்கா... அது வந்து... நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

நான் ஏணியிலிருந்து இறங்கவில்லை, குதித்தேன். "டேய்!" என்று நான் வாய் திறப்பதற்குள் இவள் என் பக்கம் திரும்பாமலேயே கையை உயர்த்தினாள். நின்றுவிட்டேன். பிறகு அவள் அவனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"பஞ்சுவுக்குக் கடைசியா வாய்ல என்ன போட்டீங்க?"

"அக்கா, என்னைப் போய் எதுக்கு நீங்கன்னு..."

"கடைசியா வாய்ல என்ன போட்டீங்க?"

அதே குரல். ஆம்லெட் அம்மாளிடம் கேட்ட குரல். முன்பின் தெரியாதவர்களிடம், கோபமில்லாமல், மரியாதையாக, விடாமல் கேட்கிற குரல். இடுப்பில் தூக்கிச் சுமந்தவனிடம், அடி ஒன்று கொடுத்துச் சோறூட்டினவனிடம் அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை.

"பால்," என்றான் அவன். "பிஸ்கட்டை ஊறவெச்சு. ஒரு கிண்ணம்தான். கிளம்பறப்ப என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சுக்கா. பசியோட யாரையும் வாசப்படி தாண்ட விடாதன்னு நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்த?"

இவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பொய்ச் சத்தியம் பண்ணலக்கா. சாப்பாடு குடுத்தீங்களான்னுதான் டாக்டர் கேட்டாங்க. நான் சாப்பாடு குடுக்கலன்னுதான் சொன்னேன். பால் எப்படிச் சாப்பாடாகும்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பாலில் மறைக்கிறவனை அன்றுதான் பார்த்தேன்.

"சரி, அப்ப பயத்துல சொல்லல. செத்தப்புறமாவது சொல்லியிருக்கலாம்லடா?" என்று நான் கத்தினேன்.

"எப்படி மாமா சொல்றது? என்னாலதான்னு தெரிஞ்சா என் பொண்ணு என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா."

"பொண்ணு மூஞ்சிக்குப் பயந்து அக்கா மூஞ்சியில கரியப் பூசினியேடா! ஊரெல்லாம் போய் நின்னு பூசினியே! அப்புறம் பழம் வாங்கிட்டு வந்து மன்னிச்ச பாரு, அதுக்கே உன்னை..."

பூனைக்கூடைப் பெரியவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இல்லாவிட்டால் அன்று ஆஸ்பத்திரியில் மனுஷனுக்கும் தையல் போட்டிருப்பார்கள். சத்தம் கேட்டு டாக்டரம்மா உள்கதவைத் திறந்துகொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

என் மனைவி இந்தக் கூச்சல் எதையும் கேட்ட மாதிரியே தெரியவில்லை. தன் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை விழுங்கினாள்.

"விழுங்குச்சு," என்றாள், யாரைப் பார்த்தும் அல்ல. "ஏறுச்சு, இறங்குச்சு. நான் பாத்தேன்."

"பாத்தீங்க," என்றார் டாக்டரம்மா. ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமாகச் சொன்னார். இவள் அவரையும் ஒரு பார்வை பார்த்தாள். அவர் உள்கதவை இன்னும் அகலமாகத் திறந்தார். "உள்ள வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இவள் எழுந்தாள். மேஜை இழுப்பறையைத் திறந்து, மடித்து வைத்திருந்த துணித் தொப்பியை எடுத்தாள். இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாது. தலையில் மாட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டு, அவன் கையிலிருந்த கறுப்பியை வாங்கினாள்.

"அக்கா," என்றான் அவன். "என்மேல இருக்கற கோபத்தை..."

"கறுப்பிக்குக் கடைசியா வாய்ல என்ன போட்டீங்க?"

"ராத்திரி போட்டதுதான்க்கா. காலைல தண்ணி மட்டும்தான். என் பொண்ணு மேல சத்..."

"சத்தியமெல்லாம் வேண்டாங்க. உக்காருங்க. முடிஞ்சதும் கூப்பிடுவோம்."

கதவு மூடிக்கொண்டது. அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். நான் மறுபடி ஏணியில் ஏறினேன். பொய் சொல்வானேன், வேலை ஒன்றும் ஓடவில்லை. ஏசி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே மெஷின் பீப் பீப் என்று தொடங்கியது. ரொம்ப நேரம் அது மட்டும்தான் கேட்டது. டாக்டரம்மா ஊசியோடு காத்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்தேன். வந்துவிடு, ஒரு முறை வந்துவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"இருக்கு."

சின்னக் குரல்தான். ஆனால் அவள் குரல். கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "இருக்கு." நான் ஏசி மூடியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அழுதேன். கீழே இருந்த பெரியவர், தூசி கண்ணில் விழுந்துவிட்டதா என்று விசாரித்தார்.

எல்லாம் முடிந்து அவள் வெளியே வந்தபோது மச்சினன் எழுந்து கை கட்டி நின்றான். கண் சிவந்திருந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் எல்லாருக்கும் சொல்வதை அவனுக்கும் சொன்னாள்.

"மூச்சு நல்லா இருக்குங்க. நல்லா முழிச்சப்புறம் கூட்டிட்டுப் போகலாம். இன்னிக்குக் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுங்க. சாப்பாடு நாங்க சொன்னப்புறம் குடுத்தா போதும்." திரும்பிப் போனவள் கதவருகில் நின்றாள். "பாலும் சாப்பாடுதாங்க."

வீட்டுக்கு வந்தால் கோபம் ஆறிவிடும், தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று நினைத்தேன். அவள் அவனோடு சண்டை போடவில்லை, உறவை வெட்டவும் இல்லை. இன்றைக்கும் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் தட்டு வைத்துப் பரிமாறுகிறாள். "உக்காருங்க," என்கிறாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க," என்கிறாள். அவன் குனிந்துகொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறான்.

போன வாரம் தெருமுனை வரை என்கூட நடந்து வந்தவன், என் கையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் அழுதான். "மாமா, அடிக்கச் சொல்லுங்க. செருப்பால அடிக்கச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை 'டா' போட்டுக் கூப்பிடச் சொல்லுங்க மாமா."

நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.